பெரிய சக்கரம் வாங்குமுன் சின்னச் சக்கரத்தைத் திறந்து பாருங்கள்

சிரம்பானில் இருக்கும் என் மாமாவுக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம். 14 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றை வைத்திருக்கிறார். அதை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, காரின் பின்னால் கட்டி, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிக்சனுக்குப் போய்விடுவார். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவர் திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்து, இடது பக்கம் கையைக் காட்டினார். மாமா வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். டிரெய்லரின் இடது சக்கரத்தின் நடுவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, சக்கரம் கழன்று ஓடவில்லை. ஓடியிருந்தால் அது அந்த மோட்டார் சைக்கிளைத்தான் முதலில் மோதியிருக்கும்.

ஒரு பட்டறையில் அந்தப் பக்கத்துப் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். "சக்கரம் சின்னது, அதான் சூடாகுது" என்றும் சொல்லி அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்து அதே சக்கரம் மறுபடியும் சூடானது.

இப்போது மாமாவும் நண்பர்களும் வேறொரு திட்டம் போட்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் படகோடு கோலா ரொம்பினுக்குப் போக வேண்டுமாம். சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருபவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மாப்ள, இந்த 8 இஞ்சு சக்கரத்தைத் தூக்கிப் போட்டுட்டு 13 இஞ்சு போட்டுட்டா ரொம்பின் வரைக்கும் கவலையே இல்ல. என்னா சொல்றே?"

மாணவர்களே, உங்கள் வீட்டில் படகு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். ஒரு பொருள் தொல்லை கொடுத்தால், அதைவிடப் பெரியதாக, புதியதாக ஒன்றை வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். என் கருத்து இதுதான்: எது பழுதானது என்று கண்டுபிடிக்கும் முன் எதையும் வாங்கக் கூடாது. மாமாவின் சக்கரத்தை வைத்தே இதைக் காட்டுகிறேன். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் கூடவே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாமா சொல்வதில் உண்மை இருக்கிறதா?

இருக்கிறது. சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றும் என்பது உண்மைதான்.

மாமாவின் 8 அங்குலச் சக்கரத்தை, டயரோடு சேர்த்து நாடாவால் அளந்தேன். விட்டம் 42 சென்டிமீட்டர். அப்படியானால் சுற்றளவு 1.32 மீட்டர். அவர் வாங்க நினைக்கும் 13 அங்குல டயரின் பக்கவாட்டில் 145/80 ஆர் 13 என்று எழுதியிருக்கும். இதைப் படிப்பது சுலபம். டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 116 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் ரிம் 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர். ரிம்முக்கு மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்கள் இருப்பதால் 116 + 330 + 116 = 562 மில்லிமீட்டர். விட்டம் 56 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 1.76 மீட்டர்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22.2 மீட்டர் போகிறது. அப்போது சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,010 முறை சுற்றும். பெரிய சக்கரம் ஏறக்குறைய 760 முறைதான் சுற்றும். ரொம்பின் வரை போக, சின்னது சுமார் 152,000 சுற்று சுற்ற வேண்டும். பெரியதுக்கு சுமார் 114,000 சுற்று போதும். கால் பங்கு குறைகிறது.

பெரிய சக்கரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சாலைக் குழியின் விளிம்பிலும் மேடுகளிலும் அது சுலபமாக ஏறி இறங்கும். 5 சென்டிமீட்டர் உயர விளிம்பு ஒன்றில், ஒட்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரத்தை மெதுவாக இழுத்து ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்புத்திறன் கணக்குப்படி, 21 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்துக்கு, அது தாங்கும் எடையில் 85 விழுக்காட்டு விசை தேவை. 28 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்துக்கு 69 விழுக்காடு போதும். டயர் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும் என்பதால் உண்மையில் இரண்டுமே இதைவிடக் குறையும். ஆனாலும் பெரியதுக்குத்தான் வெற்றி.

இங்கேயே நிறுத்தியிருந்தால் மாமா அன்றே கடைக்குப் போயிருப்பார். நான் ஒரு கேள்வி கேட்டேன்: "மாமா, புதுச் சக்கரத்த எதுல மாட்டுவீங்க?"

சக்கரம் மாறும், ஹப் மாறாது

சக்கரத்தின் நடுவில் ஓர் உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதன் பெயர் ஹப். அதற்குள்தான் பேரிங்குகள் இருக்கின்றன. பின்பக்கம் தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை சீல் என்பார்கள். ரிம்மும் டயரும் இந்த ஹப்பின் மேல் நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்படுகின்றன. 8 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 13 அங்குலத்தை மாட்டினால், புதுச் சக்கரம் அதே பழைய ஹப்பில், அதே பேரிங்கில், அதே சீலில்தான் சுற்றப் போகிறது.

நல்ல கிரீஸ் உள்ள, தண்ணீர் புகாத பேரிங்குக்கு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று பெரிய வேலையே இல்லை. அப்படியிருக்க இது ஏன் இரண்டு முறை சூடானது? ஹப்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கிரீஸ் இருந்தது. ஆனால் கிரீஸின் நிறம் இல்லை. டே தாரிக் போல வெளிறி, குழகுழவென்று இருந்தது. உருளைகளில் பழுப்புத் துரு. கிரீஸோடு தண்ணீர் கலந்தால்தான் இப்படி ஆகும். போர்ட்டிக்சன் கடல் மாமாவின் ஹப்புக்குள் குடியேறியிருந்தது.

கடல் எப்படி உள்ளே போனது?

இந்த இடத்தில்தான் உங்கள் படிவம் 4 இயற்பியல் உதவிக்கு வருகிறது. மூடிய இடத்தில் உள்ள வாயுவின் வெப்பநிலை குறைந்தால் அதன் அழுத்தமும் குறையும் என்று வாயு விதிகளில் படித்திருப்பீர்கள்.

டிரெய்லர் 30 கிலோமீட்டர் ஓடி வந்ததும் ஹப் சூடாக இருக்கும். உள்ளே கிரீஸுக்கு இடையில் கொஞ்சம் காற்றும் இருக்கும். அதன் வெப்பநிலை 70 பாகை செல்சியஸ், அதாவது 343 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். மாமா வந்த வேகத்தில் டிரெய்லரைச் சரிவில் இறக்கிக் கடலில் முக்குகிறார். தண்ணீர் 30 பாகை, அதாவது 303 கெல்வின். காற்று அந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் 303/343 மடங்காக, அதாவது ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்துவிடும்.

வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதில் 12 விழுக்காடு என்றால் 12 கிலோபாஸ்கல். இது 1.2 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். ஹப் முழங்கால் ஆழத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மீட்டருக்கும் மேலான ஆழத்தில் வைத்ததுபோல் அந்த ரப்பர் வளையத்தின் மேல் கடல் அழுத்துகிறது. வளையம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். பட்டறையில் பேரிங்கைப் புதிதாகப் போட்டார்கள். சீலை மாற்றவில்லை. மாமாவும் தன் பழக்கத்தை மாற்றவில்லை. அதனால்தான் நான்கு மாதத்தில் அதே கதை திரும்பி வந்தது.

இதற்கு மருந்து என்ன? கடற்கரைக்கு வந்ததும் அரை மணி நேரம் காத்திருப்பது. ஹப் வெளியிலேயே குளிர்ந்தால், சீல் வழியாக உள்ளே போவது வெறும் காற்றாக இருக்கும். அந்த நேரத்தில் பட்டைகளை அவிழ்க்கலாம், சாமான்களை ஏற்றலாம், படகின் அடி அடைப்பானைச் சரிபார்க்கலாம். காத்திருக்க ஒரு காசும் செலவில்லை.

"பெரிய சக்கரம் போட்டால் ஹப் நனையாது"

மாமா விடவில்லை. "பெரிய சக்கரம்னா அச்சு உயரும். அப்ப ஹப்பு தண்ணிக்கு மேல நிக்கும்ல?" என்றார். கேட்கும்போது சரி என்றுதான் தோன்றும். நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஆரம் 21 சென்டிமீட்டரிலிருந்து 28 ஆகிறது. அச்சு 7 சென்டிமீட்டர் உயர்கிறது. ஆனால் டிரெய்லரின் சட்டம் அந்த அச்சின் மேல் நிற்கிறது. படகு அந்தச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே படகும் 7 சென்டிமீட்டர் உயர்கிறது. படகு மிதக்க வேண்டுமென்றால் தண்ணீர் அதன் அடிப்பகுதிக்கு மேல் குறிப்பிட்ட அளவு ஏற வேண்டும். படகே உயர்ந்துவிட்டதால் டிரெய்லரை இன்னும் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். அப்போது ஹப் முன்பு நனைந்த அதே அளவு நனையும்.

அது மட்டுமா? சரிவு எட்டுக்கு ஒன்று என்றிருந்தால், 7 சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்துக்காக டிரெய்லரும் காரும் 56 சென்டிமீட்டர் கூடுதலாகப் பின்னால் போக வேண்டும். பாசி படிந்த சரிவில் காரின் பின் சக்கரங்கள் அரை மீட்டருக்கு மேல் கீழே இறங்குவது விளையாட்டில்லை. சாலையிலும் ஈர்ப்பு மையம் 7 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவதால், வளைவுகளில் டிரெய்லர் முன்பைவிடச் சுலபமாகச் சாயும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டிரெய்லரில் நல்ல உருளைகள் இருந்து, படகை மிதக்கவிடாமல் உருட்டியே தண்ணீரில் தள்ள முடியும் என்றால், உயர்ந்த அச்சு ஹப்பை நனையாமல் காப்பாற்றும். மாமாவின் டிரெய்லரில் படகு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்த வழி அவருக்கு இல்லை.

டயர் எவ்வளவு தாங்கும்?

சக்கரத்தை மாற்ற உண்மையான காரணம் ஒன்று இருக்க முடியும்: எடை. அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு தாளில் எழுதினோம். படகு 220 கிலோ, எஞ்சின் 60, 50 லிட்டர் பெட்ரோல் 37, பேட்டரி 20, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில், கயிறு எல்லாம் சேர்த்து 63, டிரெய்லர் 150. மொத்தம் 550 கிலோ. அதில் 40 கிலோவைக் காரின் கொக்கி தாங்குகிறது. மீதி 510 கிலோ இரண்டு டயர்களின் மேல்.

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சுமைக் குறியெண் ஒன்று இருக்கும். மாமாவின் டயரில் 62 என்று இருந்தது. அந்த எண்ணுக்கு உரிய எடை 265 கிலோ. இரண்டு டயர் என்றால் 530 கிலோ. மிச்சம் 20 கிலோதான். இதுவும் டயரில் காற்று முழுமையாக இருந்தால் மட்டுமே. இரவு மழையில் படகுக்குள் 30 லிட்டர் தண்ணீர் தேங்கினால் கதை முடிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

அப்படியானால் மாமா சொன்னதுதானே சரி, பெரிய டயர் வேண்டும் அல்லவா? இல்லை. அதே 8 அங்குல அளவிலேயே சுமைக் குறியெண் 70 உள்ள டயர் கிடைக்கிறது. அது 335 கிலோ தாங்கும். இரண்டு டயருக்கு 670 கிலோ. பழைய டயரை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. டயரின் பக்கத்தில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், அது எந்த வாரம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். மாமாவின் டயரில் 2314 என்று இருந்தது. 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்! படகு டிரெய்லர் கொஞ்ச தூரமே ஓடுவதால் டயரின் பூ தேய்வதில்லை. ஆனால் ரப்பர் வெயிலில் நின்றே மூப்படைந்து வெடிப்பு விடுகிறது. பார்வைக்குப் புதிதாக இருப்பதை நம்பாதீர்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. டயர் 335 கிலோ தாங்கும் என்பதற்காக டிரெய்லரில் கூடுதலாக ஏற்றிவிட முடியாது. அச்சுக்கும் பேரிங்குக்கும் தனித்தனி வரம்பு உண்டு. டயரை மாற்றுவதால் அந்த வரம்பு ஒரு கிலோகூட உயராது.

எனக்குப் பிடித்த கணக்கு

கடைசியாக ஒரு கணக்கு. உருளைப் பேரிங்கின் ஆயுளைச் சுற்றுகளில் கணக்கிடுவார்கள். சுமை கூடினால் அந்த ஆயுள், சுமையின் 10/3 அடுக்கில் குறைகிறது. சுமை 23 விழுக்காடு கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும்.

பெரிய சக்கரம் போட்டால், அதே எண்ணிக்கைச் சுற்றுகளில் 33 விழுக்காடு கூடுதல் தூரம் ஓடலாம். இதே பலனை எடையைக் குறைத்துப் பெற முடியுமா? முடியும். சுமையை ஏறக்குறைய எட்டரை விழுக்காடு குறைத்தால் போதும். 510 கிலோவில் அது 43 கிலோ. ரொம்பினுக்குப் போகும்போது பெட்ரோல் தொட்டி காலியாகவும், ஐஸ் பெட்டி காரின் பின்னாலும் இருந்தாலே அந்த 43 கிலோவுக்குக் கிட்டே வந்துவிடும். பெட்ரோலையும் ஐஸையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கும் நன்மையை, சாமானை இடம் மாற்றி வைத்தே பெற்றுவிடலாம்.

இந்தக் கணக்கு தண்ணீர் புகாத, சுத்தமான பேரிங்குக்கு மட்டுமே பொருந்தும். உப்புத் தண்ணீர் நுழைந்துவிட்டால் எந்தச் சூத்திரமும் அதைக் காப்பாற்றாது.

அப்படியானால் என் தீர்ப்பு?

பெரிய சக்கரம் வேண்டாம் என்று நான் எல்லாருக்கும் சொல்லவில்லை. குண்டும் குழியுமான செம்பனைத் தோட்டப் பாதையில் தினமும் இழுப்பவருக்கு அது தேவைப்படலாம். நெடுந்தூரம் அடிக்கடி ஓட்டுபவருக்கும் தேவைப்படலாம். அவர்களும் மட்கார்டில் டயர் உரசுமா, போல்ட் துளைகள் பொருந்துமா என்று அளந்து பார்த்து, சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளைக் கேட்டறிந்த பிறகே மாற்ற வேண்டும்.

மாமாவுக்கு நான் சொன்னது வேறு. இரண்டு பக்கமும் புதுப் பேரிங், புது சீல், படகு டிரெய்லருக்கு உரிய, தண்ணீரில் கரையாத கிரீஸ். அதே அளவில், குறியெண் 70 உள்ள இரண்டு புது டயர்கள். கடலில் இறக்கும் முன் அரை மணி நேரக் காத்திருப்பு. கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுதல். பயணத்தில் முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, புறங்கையை இரண்டு ஹப்புக்கும் அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது. இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு என்றால் போகலாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

மாமா கொஞ்சம் முகம் வாடித்தான் சம்மதித்தார். 13 அங்குலச் சக்கரம் பார்க்க அழகாக இருக்கும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர் யோசனைப்படி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பளபளக்கும் புதுச் சக்கரம், துருப்பிடித்த பழைய ஹப்பில் சுற்றிக்கொண்டு ரொம்பின் சாலையில் போயிருக்கும். சக்கரம் புதிது என்ற தைரியத்தில் அவரும் வேகத்தைக் கூட்டியிருப்பார். அன்று ஹாரன் அடித்து எச்சரித்தவரைப் போல வேறொருவர் அதன் பின்னால் வந்துகொண்டிருப்பார். அவருக்கு எந்தக் கணக்கும் தெரிந்திருக்காது. அவருக்காகவும் சேர்த்து நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கார் அல்லது மோட்டார் சைக்கிளின் டயரில் சுமைக் குறியெண்ணையும், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் தேடிப் படித்துப் பாருங்கள். பழைய டயராக இருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். "பெருசா மாத்திடலாமா?" என்று கேட்காதீர்கள். "இது இன்னும் எவ்வளவு தாங்கும்?" என்று கேளுங்கள்.